கொல்லைப்புறத்தில் ஒரு நீச்சல் குளம்

மொகஞ்சதாரோவில் 1925-26ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பெரிய குளியல் குளத்தைப் பற்றி நாம் எல்லோருமே பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். கட்டடத் துறையில் காலம் கழித்த என்னைக் கவர்ந்தது அதன் அளவு அல்ல, அதன் சுவர்தான். இடைவெளியில்லாமல் அடுக்கிய செங்கல், ஜிப்சம் கலந்த சாந்து, அதற்கும் பின்னால் தாரைப் போன்ற நிலக்கீல் பூச்சு. குளம் என்பது வெறும் குழி அல்ல, ஒழுகாத பாத்திரம் என்பதை நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து கட்டியிருக்கிறார்கள்.

நம் சங்க அன்பர்கள் சிலர் பெங்களூரின் புறநகரில் மனை வாங்கி வீடு கட்டி வருகிறார்கள். "பின்பக்கம் இடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு நீச்சல் குளம் கட்டலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள ஊரில் இது தகுமா என்ற கேள்வியும் உடன் எழுகிறது. 2024 மார்ச் மாதம் பெங்களூர் குடிநீர் வாரியம், நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். என் பதில் இதுதான்: ஒரு முறை நிரப்பிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற முடியுமானால் கட்டலாம். முடியாதென்றால் கட்டக் கூடாது.

தண்ணீர்க் கணக்கு

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் (சுமார் 26 அடிக்கு 13 அடி), சராசரி ஆழம் 1.25 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். பெருக்கிப் பார்த்தால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர் ஆகிறது. 6,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய ஏழு லாரி.

இதை எங்கிருந்து பெறுவது? மொட்டை மாடியைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் மிஞ்சும். மாடி நீரை முதலில் ஒரு வடிகட்டி வழியாகவும் பிறகு குளத்துக்கும் விடும்படி குழாய் அமைத்தால், ஒரு மழைக்காலத்தில் குளம் நிறைந்துவிடும். ஆகவே வீட்டின் வரைபடம் போடும்போதே மழைநீர்க் குழாயையும் குளத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இடம் தேர்வு

வெயில் படும் இடமாக இருக்கட்டும். வேப்பமரம், புளியமரம் அருகே வேண்டாம். இலை உதிர்ந்து கொண்டே இருக்கும், வேரும் சுவரைத் தேடி வரும். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்க வேண்டும். சமையலறையிலிருந்தோ கூடத்திலிருந்தோ பார்த்தால் குளம் முழுவதும் கண்ணில் பட வேண்டும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். பெங்களூரின் செம்மண் பொதுவாக உறுதியானது. ஆனால் இந்நகரில் பழைய ஏரிகள் பல மனைகளாகிவிட்டன. கெம்பேகௌடா பேருந்து நிலையம் இருக்கும் இடமே ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரிதான். கொட்டி மேடாக்கிய மண்ணில் குளம் கட்டினால் ஒரு பக்கம் இறங்கி விரிசல் விடும். ஆகவே ஒரு குழி தோண்டி மண்ணையும், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு தூரம் மேலே வருகிறது என்பதையும் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கட்டும் முறை

செங்கல் சுவர் கட்டி மேலே பூசினால் செலவு குறையும் என்பார்கள். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கம்பி கட்டிய கான்கிரீட்டே சரி. நீர்த்தொட்டிகளுக்கென்றே இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3370 இருக்கிறது. அது எம்-30 தரத்துக்குக் குறையாத கான்கிரீட்டைக் கேட்கிறது. தரையை ஒரே நாளில் நிறுத்தாமல் போட வேண்டும். தரையும் சுவரும் சேரும் இணைப்பில் நீர் புகாத பி.வி.சி. பட்டை வைக்க வேண்டும். குழாய்களைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே பொருத்திவிட வேண்டும். பிறகு உடைத்துப் பொருத்தும் ஒவ்வொரு குழாயும் ஓர் ஒழுகலுக்கு வழி.

இரண்டு வாரமாவது ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குளத்தை நிரப்பி ஏழு நாள் மட்டத்தைக் குறித்து வாருங்கள். ஒழுகல் இருந்தால் அப்போதே தெரியும், சரிசெய்வதும் எளிது. சோதனைக்கு விட்ட தண்ணீரை மற்றக் கட்டட வேலைக்குப் பயன்படுத்திக் கொள்ளலாம்.

காலிக் குளம் மிதக்கும்

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அன்பரின் வீட்டில், தொடர்மழை பெய்த ஓர் அக்டோபரில், சுத்தம் செய்வதற்காகக் குளத்தை முழுவதும் இறைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் என்னை அழைத்தார். போய்ப் பார்த்தேன். தரையின் ஒரு மூலை நான்கு விரற்கடை உயர்ந்து, குறுக்கே விரிசல் ஓடியிருந்தது.

காரணம் எளிது. நிலத்தடி நீர் குளத்தின் தரைக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்தால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1 டன் விசையுடன் தரையை மேலே தள்ளும். 20 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தரையின் எடையோ சதுர மீட்டருக்கு அரை டன்தான். உள்ளே நிற்கும் தண்ணீரே குளத்தை அமுக்கிப் பிடித்திருக்கிறது. எனவே மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யவே கூடாது. கட்டும்போதே தரையில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்றும் வைத்துவிட வேண்டும்.

வடிகட்டுதல்

தண்ணீரை மாற்றாமல் வைத்திருக்கும் இரகசியம், அதை ஓட வைப்பதில் இருக்கிறது. 40,000 லிட்டரும் 8 மணி நேரத்தில் ஒரு முறை மணல் வடிகட்டி வழியாகப் போய்வர வேண்டும். அதாவது மணிக்கு 5,000 லிட்டர். ஒரு குதிரைத்திறன் பம்பு 8 மணி நேரம் ஓடினால் நாளைக்கு சுமார் 6 யூனிட், மாதத்துக்கு 180 யூனிட் மின்சாரம் ஆகும். இந்தச் செலவைக் கணக்கில் சேர்த்த பிறகே தீர்மானம் செய்யுங்கள்.

வடிகட்டியின் அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதை விட 8 முதல் 10 பவுண்டு கூடுதலாகக் காட்டினால், தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். ஒரு முறைக்குச் சில நூறு லிட்டர் வெளியேறும். அதை ஒரு தொட்டியில் பிடித்து, வெயிலில் ஓரிரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். பிறகு மரங்களுக்கு ஊற்றலாம்.

குளோரின் கணக்கு

குளத்து நீரின் பி.எச். அளவு 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். குளோரின் பத்து லட்சம் பங்குக்கு 1 முதல் 3 பங்கு. நம் குளத்தில் அளவை ஒரு பங்கு உயர்த்த 40 கிராம் குளோரின் தேவை. 65 சதவிகித வீரியமுள்ள கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் சுமார் 62 கிராம். பி.எச். 8-ஐத் தாண்டிவிட்டால், எவ்வளவு குளோரின் போட்டாலும் கிருமியைக் கொல்லும் பகுதி கால் பங்குக்கும் குறைந்துவிடும். ஆகவே முதலில் பி.எச்., பிறகு குளோரின். வெயில் குளோரினை விரைவில் அழித்துவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு போடுவதே சிக்கனம்.

மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் குளோரின் அதிகம் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமீனின் நெடி. இறங்குவதற்கு முன் நன்றாகக் குளித்துவிட்டு வந்தால் இது பாதியாகக் குறையும்.

எச்சரிக்கை: அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வெளிவரும். தூளைத் தண்ணீரில் போட வேண்டுமே தவிர, தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ஒழுகலா, ஆவியா?

நம் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். மட்டம் 5 மில்லிமீட்டர் குறைந்தால் 160 லிட்டர் போயிற்று என்று பொருள். அது வெயிலின் வேலையா, விரிசலின் வேலையா என்று அறிய ஒரு வாளி போதும். வாளியில் குளத்து நீரை ஊற்றிக் குளத்துப் படியில் வையுங்கள். உள்ளும் வெளியும் நீர் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். பம்பை நிறுத்திவிட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் அது ஆவியானது. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் ஒழுகல். ஆவியாவதைத் தடுக்கக் குளத்தை உறை போட்டு மூடி வைப்பதே வழி.

குழந்தைகள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கையை வீசிக் கத்துவதில்லை, சத்தமின்றி உள்ளே போய்விடும். எனவே குளத்தின் நான்கு பக்கமும் 4 அடி உயர வேலி வேண்டும். வீட்டுச் சுவரை ஒரு பக்க வேலியாகக் கணக்கிடக் கூடாது, அந்தச் சுவரில் கதவு இருக்கும் அல்லவா? வேலியின் கதவு தானாகவே மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மிதக்கும் பொம்மைகளைக் குளத்தில் விட்டு வைக்காதீர்கள்.

தரையில் உறிஞ்சும் வாய் ஒன்று மட்டும் இருந்தால், தலைமுடியோ கையோ அதில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. 3 அடிக்குக் குறையாத இடைவெளியில் இரண்டு வாய்கள் வைத்து, இரண்டுக்கும் உரிய மூடி போட வேண்டும். நீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட் விளக்காகவும், மின் இணைப்பு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானுடனும் இருக்கட்டும்.

முடிவாக, தினம் அரை மணி நேரம் இலை அள்ளவும், நீரைச் சோதிக்கவும், பம்பைக் கவனிக்கவும் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக் கொள்ளுங்கள். விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? கவனிப்பாரற்ற குளம் சில நாட்களில் பச்சையாகி, கொசு வளர்க்கும் குட்டையாகிவிடும். பொறுப்பேற்க ஆள் உண்டு என்றால் கட்டுங்கள். இல்லையென்றால் பேரப்பிள்ளைகளை அருகிலுள்ள பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் நீந்தக் கற்றுக் கொள்ள வேண்டும் என்பதுதானே நம் விருப்பம்!