ஒற்றை மணியும் பதினோராம் கூண்டும்

தூத்துக்குடி கடலை நம்பி வாழும் ஊர். முத்துக்குளித்தல் ஓய்ந்துவிட்டபோதிலும் கடலோடு கொண்ட உறவு ஓயவில்லை. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணிகளில் சரக்கேற்றிச் செல்லும் மரபு இங்கு நெடியது. வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள கடற்கரை ஊர்களில், கப்பலில் பணியாற்றும் மகனையோ வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவனையோ எதிர்பார்த்திருக்கும் வீடுகள் பல. அவ்வீடுகளில் அயல்நாட்டு எண் ஒன்று கைப்பேசித் திரையில் தோன்றுவது வியப்பன்று. இலங்கையின் எண் 94 என்றும் மாலத்தீவின் எண் 960 என்றும் தொடங்கும். நடுக்கடலில் செல்லும் கப்பலின் செயற்கைக்கோள் தொலைபேசி எண் 870 என்று தொடங்குவதுண்டு. ஆதலால், ஒருமுறை மட்டும் மணி ஒலித்து நின்றுபோன அழைப்பைக் கண்டதும், 'அவனாக இருக்குமோ' என்று மனம் பதறுகிறது. விரல் தானாகவே திரும்ப அழைக்கிறது. மோசடி செய்வோர் எதிர்பார்ப்பதும் இதனைத்தான்.

இம்மோசடிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் 'வான்கிரி'. ஒரு மணி, உடனே துண்டிப்பு என்பது அதன் பொருள். கணினி ஆயிரக்கணக்கான எண்களுக்கு அழைப்பு விடுத்து, எவரும் எடுக்கும் முன்பே துண்டித்துவிடுகிறது. எடுக்கப்படாத அழைப்புக்குச் செலவில்லை. ஆனால், திரும்ப அழைப்பவருக்குச் செலவுண்டு. ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அழைப்புச் செல்லும்போது, அதனைப் பெற்று இணைத்துத் தரும் அயல்நாட்டு நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்தப்படுகிறது. சில நாடுகளில் இக்கட்டணம் மிகுதி. சில எண்களோ கூடுதல் கட்டணச் சேவைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அத்தகைய எண்களை வாங்கி வைத்திருப்போர், வந்து சேரும் தொகையில் பங்கு பெறுகின்றனர். அழைத்தவர் இணைப்பைத் துண்டிக்காதிருக்க இசை ஒலிக்கும். சில நேரங்களில், இன்னும் எவரும் எடுக்கவில்லை என்று நம்பும்படி மணியோசையே ஒலித்துக்கொண்டிருக்கும். முன்பணம் கட்டிய கைப்பேசியில் இருப்புத் தொகை கரைந்த பின்னரே உண்மை விளங்கும். இதனைத் தடுக்கும் பொருட்டே, வாடிக்கையாளரின் வெளிப்படையான இசைவின்றி முன்பணக் கைப்பேசிகளுக்குப் பன்னாட்டு அழைப்பு வசதி வழங்கலாகாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012இல் பணித்தது. அவ்வசதி இல்லாத கைப்பேசியிலிருந்து திரும்ப அழைத்தாலும் அழைப்புச் செல்லாது.

மோசடி ஒருபுறமிருக்க, அதனைப் பற்றிய எச்சரிக்கைகளும் புலனக் குழுக்களில் பல ஆண்டுகளாகச் சுற்றி வருகின்றன. அயல்நாட்டுக் குறியீட்டு எண்கள் சிலவற்றை வரிசையாக அடுக்கி, 'திரும்ப அழைத்தால் மூன்றே நொடிகளில் உங்கள் தொடர்பு எண்களும் வங்கி விவரங்களும் களவாடப்படும்; எவரேனும் 90 அல்லது 09 என்னும் எண்ணை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்; உடனே அனைவருக்கும் அனுப்புங்கள்' என்பது அவற்றின் வாய்பாடு. இத்தகைய செய்தியை முழுவதும் மெய் என்றோ முழுவதும் பொய் என்றோ தள்ளிவிட இயலாது. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தல் வேண்டும். திரும்ப அழைத்தால் பணம் போகும் என்பது மெய். தொடர்பு எண்கள் களவு போகும் என்பது பொய். சாதாரணக் குரல் அழைப்பு குரலை மட்டுமே சுமந்து செல்கிறது, கைப்பேசியின் உள்ளே இருப்பதைப் படித்தெடுப்பதில்லை. 90 பற்றிய கூற்றின் வரலாறு சுவையானது. பல இணைப்புகளைக் கொண்ட சில அலுவலகத் தொலைபேசி அமைப்புகளில் அவ்வெண் வெளி இணைப்பைத் திறந்துவிடும். அலுவலகத்துக்குரிய அவ்வெச்சரிக்கை, இடம் மாறிக் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது.

இதனை வைத்து, எண்ணை அழுத்தச் சொல்வதெல்லாம் வெறும் கட்டுக்கதை என்று முடிவு கட்டுவதும் தவறு. 401 என்னும் எண்ணை முன்னும் பின்னும் உடுக்குறியிட்டு, அதனையடுத்து வேறோர் எண்ணைச் சேர்த்து அழுத்தினால், வரும் அழைப்புகள் யாவும் அந்த வேற்று எண்ணுக்குத் திருப்பப்படும் வசதி இந்தியாவில் இருந்தது. இதனைப் பயன்படுத்திப் பலரை ஏமாற்றியதால், இவ்வகையில் அழைப்புகளைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்துமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது.

எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்பதைத் துறைமுக மக்கள் நெடுங்காலமாகக் கவனித்து வந்துள்ளனர். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, வானிலை ஆய்வுத் துறையின் அறிவுரைப்படியே ஏறுகிறது. எவரும் கேட்ட செய்தியை நம்பி ஏற்றுவதில்லை. முதல் இரு எண்களும் புயல் தொலைவில் இருப்பதை உணர்த்தும். எட்டு முதல் பத்து வரை பேரிடரைக் குறிக்கும். பதினோராம் எண்ணின் பொருள் பலரும் அறியாதது: வானிலை மையத்துடன் தொடர்பு அற்றுப்போயிற்று, எனினும் இடர் வரக்கூடும் என்று உள்ளூர் அலுவலர் கருதுகிறார். செய்தி கிடைக்கவில்லை என்பதையே செய்தியாக அறிவிக்கும் நேர்மை அதில் இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து வந்தது என்பதனாலேயே ஓர் எச்சரிக்கை மெய்யாகிவிடாது என்பதற்கும் இக்கடற்கரையில் சான்றுண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் துயர் ஆறும் முன்பே, டிசம்பர் 30 அன்று மீண்டும் பேரலை வரக்கூடும் என மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. தமிழகக் கரையோர மக்கள் அனைத்தையும் விட்டு ஓடினர்; மீட்புப் பணிகள் தடைப்பட்டன. அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை, வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் நிலநடுக்கக் கணிப்பு. நிலநடுக்கத்தை நாள் குறித்து முன்னறிவிக்கும் வழி அறிவியலில் இல்லை. அறிவியல் துறை அமைச்சரே அக்கணிப்பை மறுத்துரைத்தார். 2007இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் அமைந்த பின்னர், நிகழ்ந்த நிலநடுக்கத்தை அளந்தறிந்து எச்சரிக்கும் முறை நிலைபெற்றது.

சரிபாராத எச்சரிக்கை உயிரையும் பறிக்கும். 2018 மே மாதம், குழந்தைகளைக் கடத்துவோர் உலவுகின்றனர் என்ற புலனச் செய்தி பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற குடும்பத்தினரை ஊரார் தாக்கினர். குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த மூதாட்டி உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலையில், அனுப்பப்பட்ட செய்தி என்னும் அடையாளத்தைப் புலனம் புகுத்தியது. இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பும் விதித்தது.

ஐயத்துக்குரிய அழைப்புகளைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பகுதியில் தெரிவிக்கலாம். பணம் பறிபோயிருப்பின் 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். காலம் தாழ்ந்தால் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். கப்பலில் மகன் இருக்கும் வீட்டாருக்கோ இன்னொரு வழி உண்டு. அறியாத எண்ணைத் திரும்ப அழைப்பதற்கு மாறாக, அவனைப் பணிக்கு அனுப்பிய முகவர் அலுவலகத்தைக் கேட்டால், கப்பல் எத்துறைமுகத்தை நோக்கிச் செல்கிறது, எவ்வெண்ணிலிருந்து அழைப்பு வரும் என்பதைக் கேட்டறியலாம்.