ஹீட்டர் ராடு போடும் முன் ஒரு சின்னக் கணக்கு



குளிர்காலத்தில் நம் சோளக்காட்டில் ஃபஜ்ருக்கு ஒளூ செய்யவும் பிள்ளைகள் குளிக்கவும் வெந்நீர் தேவைப்படுகிறது. விறகடுப்பின் இடத்துக்கு வாட்டர் ஹீட்டர் ராடு வந்துவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் ஓம் விதி தெரிந்தால், அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தலாம். ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இது.

நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு:

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
மின்திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

ஒரு ராடுக்கு 230 வோல்ட் கொடுக்கும்போது 6.5 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்தடை 230 ÷ 6.5 = 35.4 ஓம். மின்திறன் 230 × 6.5 = 1495, அதாவது கடையில் விற்கும் 1500 வாட் ராடு.

எந்த பிளக்கில் போடுவது?
சிறிய பிளக் பாயின்ட் 6 ஆம்பியர் வரைதான் தாங்கும். பழைய வீடுகளில் 5. ஆகவே 1500 வாட் ராடை 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டுமே போட வேண்டும். வாங்கும்போது அட்டையில் உள்ள வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் தெரிந்துவிடும்.

பிளக் ஏன் கருகுகிறது?
தளர்ந்த இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாலே, 6.5 × 6.5 × 0.5 = 21 வாட் வெப்பம் அந்தச் சிறு புள்ளியில் உண்டாகும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். பிளக் சுட்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

லோ வோல்டேஜ் நாளில்?
ராடின் தடை ஏறக்குறைய மாறாது. 180 வோல்ட் வந்தால் 180 ÷ 35.4 = 5.08 ஆம்பியர், திறன் சுமார் 915 வாட். 15 நிமிடத்தில் காயும் தண்ணீருக்கு ஏறத்தாழ 25 நிமிடம் ஆகும். ராடு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். இந்நிலை தொடர்ந்தால் மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மிக முக்கியமானது
ஈர உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க இது போதும். ஆனால் 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே அல்ல, அது விழாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. தான் நம்மைக் காக்கும். அதையும் எர்த் இணைப்பையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். அது இருந்தாலும், சுவிட்சை அணைத்து பிளக்கையும் கழற்றிய பிறகே தண்ணீரில் விரல் வைக்க வேண்டும். ராடு போட்ட வாளியின் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி
1000 வாட் ராடும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியும் 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றில் சேர்ந்து ஓடலாமா?

விடை: 1750 ÷ 230 = 7.6 ஆம்பியர். கூடாது.

இந்தக் கணக்கை இன்றே வீட்டில் பிள்ளைகளுடன் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டு ராடு எத்தனை வாட், அது எந்த பிளக்கில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.