எலி வந்த வாரமே கண்டுகொள்ளுங்கள்



"எலி எந்த வீட்டுலதான் இல்லே?" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுகிறோம். நெல் மூட்டை ஓட்டையாகி, பெட்டியில் வைத்த புடவை கிழிந்து, ராத்திரி முழுக்கப் பரணில் ஓட்டம் கேட்ட பிறகுதான் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி வருகிறோம். ஒன்றிரண்டு எலி இருக்கும்போதே கண்டுகொண்டால் ஒரு பொறி போதும். விஷம் வீட்டு வாசற்படியைத் தாண்ட வேண்டியதில்லை.

பெண் எலி சினைப்பட்டுச் சுமார் 3 வாரத்தில் குட்டி போடும். ஓர் ஈற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை இருக்கும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் குட்டி போடத் தயார். ஆடியில் ஒரு ஜோடியைப் பார்த்தும் பாராமல் விட்டால், பொங்கலுக்குள் பரண் நிறைந்துவிடும். அளவான குடும்பம் என்று நாம் பேசுவதெல்லாம் எலிக்குத் தெரியாது!

எலி பகலில் கண்ணில் படாது. பட்டால், கூட்டம் பெருகிவிட்டது என்றே பெரும்பாலும் அர்த்தம். ஆகவே எலியைத் தேடாதீர்கள், அதன் அடையாளத்தைத் தேடுங்கள். காலையில் வீடு பெருக்குகிறவர் யாரோ, அவர் கண்ணில்தான் முதலில் புழுக்கை படும். அதைக் குப்பையோடு தள்ளிவிடாமல் ஒரு நிமிஷம் பாருங்கள். அரிசி அளவில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. அரை அங்குல நீளம் இருந்தால் வீட்டெலி. அதைவிடத் தடியாக இருந்தால் பெருச்சாளியாக இருக்கலாம். ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம், கவலை வேண்டாம். கறுப்பாக, பளபளப்பாக, குச்சியால் அழுத்தினால் மெத்தென்று இருப்பது புதுசு. வெளுத்து, பொடியாக உதிர்வது பழசு. சந்தேகம் இருந்தால் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு மறுநாள் பாருங்கள். மறுபடி கிடந்தால் விருந்தாளி உள்ளேதான் இருக்கிறார்.

எந்த வழியாக வருகிறது என்று தெரிய, படுக்கப் போகுமுன் சுவரோரமாகக் கொஞ்சம் அடுப்புச் சாம்பலோ கோலமாவோ மெல்லியதாகத் தூவி வையுங்கள். எலி நடு வீட்டில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டே போகும். காலையில் சின்னக் கால்தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரியும். தினமும் ஒரே வழியில் போவதால் சுவரிலும் உத்திரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி கறை படிந்திருக்கும். கதவின் அடிப்பாகம், மூட்டை, சோப்பு, கரண்டு ஒயர் எல்லாவற்றிலும் பல் பட்டிருக்கிறதா பாருங்கள். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் தின்ன முடியாததையும் கடிக்கும். கேஸ் அடுப்பு இருந்தால் அதன் ரப்பர் குழாயை அடிக்கடி தடவிப் பாருங்கள். கடி பட்டிருந்தால் அடுப்பைப் பற்ற வைக்காமல் சிலிண்டரை மூடுங்கள்.

மூஞ்சூறை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது எலி இனமே அல்ல, பெரும்பாலும் பூச்சிதான் தின்னும்.

தின்கிற தானியம் மட்டுமா நஷ்டம்? ஒரு வீட்டெலி நாளைக்குச் சுமார் 25 கிராம் தின்னும், வருஷத்துக்கு 9 கிலோ. மூத்திரத்தால் பாழாக்குவது தனி. எலிக்காய்ச்சல் அந்த மூத்திரத்தால்தான் வருகிறது. அது கலந்த தண்ணீரிலோ சேற்றிலோ நிற்கும்போது, கால் வெடிப்பு, சிராய்ப்பு வழியே கிருமி உள்ளே போகும். மழைக்காலத்தில் கடும் ஜுரம், ஆடுசதை வலி, கண் சிவப்பு என்று வந்தால் கை வைத்தியம் பார்த்து நாளைப் போக்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். வேளையோடு போனால் மருந்தில் குணமாகும். விட்டால் மஞ்சள் காமாலை, சிறுநீரகக் கோளாறு வரை போகும். புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்கவும் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, துணியால் துடைத்தெடுத்துச் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இன்னொன்று: எலி இருக்கும் இடத்தைத் தேடிப் பாம்பும் வரும்.

பொறி வைத்தால் மாட்டுவதில்லை என்பார்கள். எலி புதுப் பொருளைக் கண்டு பயப்படும். ஆகவே இரண்டு மூன்று ராத்திரி பொறியைப் பூட்டாமல், தேங்காய்ச் சில்லோ கருவாடோ மசால் வடையோ வைத்துச் சுவரோரம் விடுங்கள். பழகித் தின்ன ஆரம்பித்த பிறகு பூட்டுங்கள். மாட்டியதைத் தூரத்தில் கொண்டுபோய் விட்டால் வேறொருவர் வீட்டுக்குத்தான் போகும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

அதே வாரம் சந்துகளை அடையுங்கள். பென்சில் நுழையும் சந்தில் சுண்டெலி நுழையும். வெறும் மண்ணால் பூசினால் மறுபடி தோண்டிவிடும். கண்ணாடித் துண்டோ ஜல்லியோ கலந்து சிமெண்டால் அடையுங்கள். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மிச்சச் சோற்றைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்காதீர்கள்.

இத்தனையும் எதற்கு? எலி பசை, எலி கேக் வீட்டில் இல்லாமல் இருப்பதற்கு. தேங்காயில் தடவி வைத்ததைத் தின்பண்டம் என்று குழந்தை எடுத்துவிடும். வீட்டில் மனஸ்தாபம் வந்த நாளில், எரவாணத்தில் செருகி வைத்த பசை பெரியவர்கள் கைக்கும் எட்டிவிடும். கைக்கு எட்டாதிருந்தால் அந்த நேரம் கடந்துபோகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. கடையில் யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதற்கு மாற்று மருந்து இல்லை. தின்றவர் முதல் நாள் வாந்தி எடுப்பார், பிறகு தெளிந்த மாதிரி இருப்பார். "சரியாப் போச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று தோன்றும். இரண்டு மூன்று நாளில் ஈரல் கெட்டு உயிருக்கே ஆபத்தாகிவிடும். எலி மருந்து கொஞ்சம் வாயில் பட்டது என்று தெரிந்தாலும் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பாலோ எண்ணெயோ புகட்ட வேண்டாம், விரலை விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மருந்து இருந்த டப்பாவையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் போகலாம் என்று சொல்லும்வரை ஆஸ்பத்திரியிலேயே இருங்கள்.