உப்புக்காற்று ஊரில் மருந்துப் பெட்டி

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. ஆச்சியின் மருந்துகளை ஒழுங்குபடுத்தும் வேலையை நீ ஏற்றுக்கொண்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நீ அனுப்பிய படத்தையும் பார்த்தேன். அடுப்பு மேடைக்கு மேலே ஆணியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் கத்தரித்த மாத்திரை அட்டைகள், பாதி தீர்ந்த இருமல் மருந்து, தைலக் குப்பி, என்றோ திறந்த கண் சொட்டு மருந்து. முதலில் அந்தப் பையை இறக்கு. பதினொன்றாம் வகுப்பில் வேதியியல் படிக்கிறவள், காரணம் சொல்லாமல் ஏவினால் நீ செய்யமாட்டாய். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்து நம் புதுக்கோட்டையில் ஐப்பசி பிறந்தால் அடுப்படி உப்பு ஜாடி கசிய ஆரம்பித்துவிடும். ஜாடிக்குள் போகிற அதே ஈரம்தான் மாத்திரைக்குள்ளும் போகிறது. ஆஸ்பிரினை எடுத்துக்கொள். ஈரம் பட்டால் அது சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரியும். நீ படித்த நீராற்பகுப்புதான். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம்தான். பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வருகிற புளித்த வாடை அதுதான். ஆனால் எல்லா மருந்தும் இப்படி வாடை காட்டிக் கெட்டுப்போகாது. ஆச்சி சாப்பிடும் தைராக்ஸின் சூடு, வெளிச்சம், ஈரம் மூன்றுக்கும் ஆகாதது. அது வீரியம் இழந்தாலும் நிறமோ மணமோ சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். அந்தக் குப்பிக்குள் இருக்கும் சிறு சிலிக்கா பொட்டலத்தை எடுத்து எறிந்துவிடாதே. சில குப்பிகளின் வாயில் பஞ்சு அடைத்திருப்பார்கள். அதை மட்டும் திறந்த அன்றே எடுத்துவிடு, பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

அட்டைகளில் ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்றோ ‘25 டிகிரிக்குக் கீழே’ என்றோ இருக்கும். சித்திரை வைகாசியில் நம் வீட்டுக்குள் எங்கே போய் 25 டிகிரியைத் தேடுவது? இருப்பதில் குளிர்ந்த இடத்தைத் தேடலாம். மேற்குச் சுவர் வேண்டாம், மாலை வெயிலை வாங்கி ராத்திரி வரை சூடாகவே இருக்கும். கான்கிரீட் கூரையை ஒட்டிய பரணும் வேண்டாம். ஃப்ரிட்ஜின் தலையிலும் டிவிக்குப் பின்னாலும் எப்போதும் சூடு. குளியலறையும் அடுப்படியும் சொல்லவே வேண்டாம். உள்ளறையில் ஆச்சியின் மர அலமாரி இருக்கிறதே, அதில் உன் தலை உயரத்துத் தட்டைக் காலி செய். அழுத்தி மூடுகிற பிளாஸ்டிக் டப்பா போதும். கடையில் விற்கும் சிவப்புச் சிலுவை போட்ட பெட்டியைத் தேடிப் போகவேண்டாம். அந்தச் சிலுவைக்குத்தான் காசு.

‘எக்ஸ்பயரி தேதி தாண்டவில்லையே மாமா’ என்று கேட்பாய். அந்தத் தேதி, சொன்ன சூட்டில், பிரிக்காத உறைக்குள் வைத்திருந்தால் மட்டுமே செல்லும். 08/2026 என்று இருந்தால் ஆகஸ்ட் கடைசி நாள் வரை. அடுப்புக்கு மேலே தொங்கிய அட்டைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு கதை உலவுகிறது: அமெரிக்க ராணுவம் 1986 முதல் கிடங்கு மருந்துகளைச் சோதித்ததில் பல மருந்துகள் தேதி கடந்தும் வீரியத்தோடு இருந்தன என்று. கதை உண்மைதான். அவை கட்டுப்படுத்திய சூட்டில், பிரிக்காமல் அடுக்கியிருந்த மருந்துகள் என்பதைத்தான் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். 1963இல் கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. நம் வீடு கிடங்கு அல்ல.

மருந்துக்கு ஆயுள் குறிப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்றும் நினைத்துவிடாதே. சித்த மருத்துவம் உள்மருந்துகளை 32 வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் காலம் சொல்லியிருக்கிறது. குடிநீருக்கு 3 மணி நேரம், சூரணத்துக்கு 3 மாதம், மணப்பாகுக்கும் இளகத்துக்கும் 6 மாதம், எண்ணெய்க்கு ஓராண்டு. செந்தூரம் 75 ஆண்டு, பற்பம் 100 ஆண்டு. நம் கடலில் முங்கி எடுத்த முத்தையும் புடமிட்டு முத்துப் பற்பம் செய்தார்கள். கவனித்தாயா, ஈரமும் சாறும் உள்ளது சீக்கிரம் போகிறது, நெருப்பில் வெந்து நீறானது நிற்கிறது. ஆகவே காலையில் காய்ச்சிய நிலவேம்புக் குடிநீரை ராத்திரிக்கு எடுத்துவைக்கக் கூடாது. கடையில் வாங்கும் சூரணத்துக்கு டப்பாவில் அச்சிட்ட தேதியைப் பார்.

தண்ணீர் சேர்ந்த எதற்கும் இதே கதைதான். ஓ.ஆர்.எஸ். கரைத்தால் 24 மணி நேரம். குழந்தைக்கான ஆன்டிபயாட்டிக் பொடியில் ஆறவைத்த தண்ணீர் ஊற்றிக் கலக்கியபிறகு பெரும்பாலும் ஒரு வாரம். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதே. கண் சொட்டு மருந்து, தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும், திறந்தபின் பொதுவாக ஒரு மாதம். திறக்கிற அன்றே பேனாவால் குப்பியில் தேதி எழுது. படத்தில் இருக்கிற ஆச்சியின் குப்பி கழிக்கவேண்டியதுதான்.

இனி உறையைப் பற்றி. எனக்கு இதுதான் முக்கியம். மருந்தாளுநராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பெயர் தெரியாத மாத்திரையை நான் மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் 20 பேருக்கு மேல் இறந்தது உனக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப். எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியைத் தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. இருக்கலாம் என்று அனுமதிப்பது 0.1 சதவீதம்தான். அரசு எச்சரிக்கை விடும்போது மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணையும் சொல்கிறது. ஆச்சியின் பைக்குள் இருக்கும் இருமல் மருந்தின் லேபிள் எண்ணெய் பட்டு அழிந்திருக்கிறது. அது எந்தத் தொகுதி என்று யாரிடம் கேட்பாய்? கழித்துவிடு. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பொதுவாக இருமல் மருந்தே வேண்டாம் என்று அப்போது மத்திய சுகாதாரத் துறை சொன்னதையும் உன் சித்தியிடம் சொல்.

கடைக்காரர் பத்தில் நாலு மாத்திரையைக் கத்தரித்துத் தரும்போது தேதி அச்சிட்ட முனை பல சமயம் கடையிலேயே தங்கிவிடும். பில் கேட்டு வாங்கு. தொகுதி எண்ணும் தேதியும் பில்லில் இருக்கும். வீட்டில் பிரிக்கும்போது தேதி இல்லாத முனையிலிருந்து பிரி.

ஆச்சியின் பையில் நான் பயப்படுவது வேறொன்று. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் அட்டையில் ‘மெட்ஃபார்மின்’ என்று இருக்கிறது. தூத்துக்குடியில் தனியார் டாக்டர் எழுதியதில் ‘கிளைகோமெட்’ என்று இருக்கிறது. இரண்டும் ஒரே மருந்து. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ முதியவர்களை வரிசையில் நிற்கவிடாமல் காப்பாற்றியிருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அரசு அட்டை மருந்தின் பெயரைச் சொல்கிறது, கடை அட்டை கம்பெனி வைத்த பெயரைப் பெரிதாகவும் மருந்தின் பெயரைச் சிறிதாகவும் சொல்கிறது. ஆச்சியின் கண்ணுக்கு அவை இரண்டு வேறு மாத்திரைகள். டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாராசிட்டமால்தான். சளி மாத்திரை பலவற்றுக்குள்ளும் அதே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, உடம்பு வலிக்கு ஒன்று என்று போட்டால் கல்லீரல் தாங்காது. ஆகவே ஒவ்வொரு அட்டையிலும் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை ஒரு தாளில் தமிழில் எழுது. பக்கத்தில் எதற்காக, எப்போது, எத்தனை. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் சிவப்பு மையில் வட்டம் போடு. நீயாக எதையும் நிறுத்திவிடாதே.

காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்கலாம், ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதே. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் அதில் போகக் கூடாது, அட்டையிலேயே, எல்லாரும் அறிந்த ஓர் இடத்தில் இருக்கட்டும்.

பிறகு ஆச்சியின் சுருக்குப்பை. வெற்றிலை, சில்லறை, ரெண்டு மாத்திரை எல்லாம் ஒன்றாக இடுப்பில். வீட்டின் சின்னப் பையன் மடியில் உட்கார்ந்து முதலில் இழுப்பதே அதைத்தான். சர்க்கரைக்குத் தரும் கிளிமிபிரைடு ஒரே ஒரு மாத்திரை கூட அந்த வயதுப் பிள்ளையை மயக்கத்தில் தள்ளும். பள்ளிக்கூடத்தில் உனக்குத் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் பார்க்க மிட்டாய் மாதிரி. கைநிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடமும் சூடத் தைலமும் கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். தைலங்களைத் தனி டப்பாவில் வை. மருந்தை மிட்டாய் என்று சொல்லி ஊட்டும் பழக்கத்தை வீட்டில் எல்லாரும் விடவேண்டும். எதையாவது விழுங்கிவிட்டான் என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதே. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிடு.

இன்சுலின் பற்றிக் கேட்டிருந்தாய். பிரிக்காதது 2 முதல் 8 டிகிரி. ஃப்ரிட்ஜ் கதவில் வேண்டாம், திறந்து மூட சூடு ஏறி இறங்கும். நம் வீட்டு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டிக்கு அடியில் உள்ள தட்டு அதைவிட மோசம், அங்கே உறைந்துபோகும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல் வை. பயன்பாட்டில் இருப்பது பெரும்பாலும் நாலு வாரம் வெளியிலேயே தாங்கும். அதன் தாளில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும். 2023 டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை, தூத்துக்குடியே தண்ணீருக்குள் நின்றது, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒன்று வந்தால் இரண்டு மண்சட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடையில் மணலை நனைத்துப் போட்டு, தண்ணீர் புகாத டப்பாவில் இன்சுலினை உள்ளே இறக்கி, ஈரத்துணியால் மூடு. கென்யாவில் அகதிகள் முகாம் வீடுகளின் சூட்டை அளந்து, 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் வைத்த இன்சுலினைச் சோதித்தார்கள். வீரியம் குறையவில்லை என்று 2021இல் வெளியிட்டார்கள். அதனால் கரண்ட் போனதும் பதறி எல்லாவற்றையும் எறியாதே. வெள்ளத் தண்ணீர் தொட்ட மருந்தைத்தான் தயங்காமல் எறியவேண்டும்.

கழித்ததை ஓடையில் போடாதே. காலாவதி மருந்தையும் ஊசியையும் குப்பையில் கலக்காமல் தனியாகத் தரவேண்டும். மாத்திரைகளை உதிர்த்து, ஊறின தேயிலைத் தூளோடு பிசைந்து, கவரில் கட்டி மேலே எழுதிக் கொடு. இன்சுலின் ஊசிகளைக் கெட்டி பிளாஸ்டிக் குப்பியில் போட்டு மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கொடுத்துவிடு. குப்பை அள்ள வரும் அக்காவின் கையில் குத்தக் கூடாது.

அந்தத் தாளை எழுதி முடித்ததும் எனக்குப் படம் அனுப்பு. மெட்ஃபார்மின் விஷயத்தை அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது உன் அம்மா இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டட்டும். ஆச்சி சுருக்குப்பையைத் தரமாட்டாள். நான் போனில் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா