பட்டியில் அடைபட்ட மாடு

அறுவடைக்குப் பதினைந்து நாள் இருக்கையில் ஒரு ஜோடி எருது இரவில் கயிற்றை அறுத்துக்கொண்டு கதிர் முற்றிய வயலில் இறங்குமாயின், பொழுது விடிவதற்குள் ஒரு குடும்பத்தின் சாப்பாடு போய்விடும். வயலுக்குடையவர் அரிவாளை எடுக்கிறார். மாட்டுக்குடையவர் தடியை எடுக்கிறார். பிறகு இருவருமே வக்கீல் வீட்டைத் தேடிப் போகின்றனர். இவ்விதச் சச்சரவை நீக்கும் பொருட்டே 1871-ம் வருஷத்தில் கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை மாகாணத்துக் கிராமங்களில் பவுண்டு என்றும் பட்டி என்றும் வழங்கிய அடைப்பிடங்கள் அச்சட்டப்படி நடந்தவையே.

தம் நிலத்தில் புகுந்து சேதம் விளைவிக்கும் மாட்டைச் சாகுபடிதாரர் தாமே பிடிக்கலாம் என்று அச்சட்டம் கூறிற்று. பயிரை விலைக்கு வாங்கியவருக்கும், சாகுபடிக்கு ரொக்கம் முன்பணம் கொடுத்தவருக்கும் இவ்வுரிமை உண்டு. (ஐக்கிய நாணய சங்கத்துக் கணக்கைப் பார்வையிடும் எனக்கு இந்தப் பிரிவு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும், எந்தச் சங்கத்துக் காரியதரிசியும் மாடு பிடிக்கப் போய் நான் கண்டதில்லை.) பிடித்த மாட்டை 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். சொந்தத் தொழுவில் கட்டிவைத்துப் பேரம் பேசுவது சட்டமன்று. பழைய பகையை நினைத்து, பாதையோரம் நின்ற மாட்டை ஓட்டிச் செல்வதும் சட்டமன்று. ஆயினும், மாட்டுக்குடையவர் ஆட்களுடன் வந்து வழியில் அதைப் பலாத்காரமாக மீட்பாராயின் அதுவும் குற்றமே. அதற்கு ஆறு மாதம் வரை காவல், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்பட்டன.

பட்டிக்காரர் மாட்டின் அடையாளத்தையும், வந்த நாளையும் மணியையும், பிடித்தவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி, பிடித்தவருக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் அவர் பொறுப்பு. 1871-ல் விதித்த அபராதம் யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, எருதுக்கும் பசுவுக்கும் 4 அணா, கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. நாய் இந்த ஜாபிதாவிலேயே இல்லை.

ஆகவே ஒரு ஜோடி எருதுக்கு அபராதம் 8 அணாவே. குடியானவரைக் கெடுப்பது இத்தொகையன்று, ரோஷம். "அநியாயமாய்ப் பிடித்தவனுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?" என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார். தீனிச் செலவோ நாள்தோறும் ஏறுகிறது. உழவு நாளாயின் அயலார் ஏருக்கு வாடகையும் கொடுக்க நேரிடும். பிடித்தது அநியாயமென்று நினைப்பவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருந்ததை அநேகர் அறியார். புகார் செய்யப் போவதாகச் சொல்லி, அபராதத்தையும் செலவையும் டிப்பாசிட்டாகக் கட்டினால் மாட்டை உடனே ஓட்டி வந்துவிடலாம். அவ்வாறு கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது. பிடித்த நாளிலிருந்து பத்து நாளைக்குள் மாஜிஸ்டிரேட்டிடம் புகார் கொடுக்க வேண்டும். அது மெய்யென்று கண்டால், கட்டிய தொகையுடன் 100 ரூபாய் வரை நஷ்டஈடும் கிடைக்கும்.

பட்டியில் கட்டிய அபராதம் பயிருக்கு நஷ்டஈடு ஆகாது. அதில் ஒரு காசும் வயலுக்குடையவர் கைக்கு வராது. அவர் தனியே வியாஜ்யம் தொடரலாம், அல்லது பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம். கதிர் சாய்ந்து கிடக்கும்போதே நாலு பேரை அழைத்துக் காட்டிவிடுவது உத்தமம். காய்ந்த பிறகு சேதத்தை யார் மதிப்பது?

ஏழு நாள் வரை ஒருவரும் உரிமை கேளாவிடில் பட்டிக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதுவார். மாட்டின் அடையாளத்துடன் விளம்பரம் ஒட்டி, ஊரிலும் சந்தையிலும் தமுக்கடிப்பார்கள். மேலும் ஏழு நாள் கழிந்தால் ஏலம். அந்த ஏலத்தில் போலீஸாரும் பட்டிக்காரரும் எடுக்கக்கூடாதென்று சட்டம் தடுத்திருந்தது. அபராதமும் செலவும் போக மிஞ்சிய கிரயம் மூன்று மாதம் வரை உடையவருக்காகக் காத்திருக்கும்.