கடல் கடந்த சட்டக் கல்வியும் கரை திரும்பும் வழியும்

கல்வியின் பொருட்டு ஊரையும் உறவையும் நீங்கிச் செல்வோரை உயர்வாகப் போற்றுவது நம் மார்க்கத்தின் மரபு. தமிழ் மரபும் அதுவே. கோவை வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இங்கிலாந்து சென்று சட்டம் பயில விழையும் மாணவர் உளர். அவர்தம் நலங்கருதிச் சில செய்திகளை ஈண்டு ஆராய்வோம்.

கொங்கு நாட்டிற்கு இப்பயணம் புதிதன்று. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தாரான டாக்டர் ப. சுப்பராயன் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கினார். அவர்தம் மைந்தர் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் பயின்று, 1938இல் அங்குள்ள புகழ்பெற்ற விவாத மன்றத்தின் தலைவரானார். இன்னர் டெம்பிளில் பாரிஸ்டராகித் தாயகம் திரும்பினார். 1966இல் சென்னை மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல் பதவி அவரை அடைந்தது.

அந்நாளில் பாரிஸ்டர் பட்டம் இந்திய நீதிமன்றக் கதவுகளைத் திறந்தது. இன்று நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தின்படி, 1976 டிசம்பர் 31க்குள் பாரிஸ்டரானோர்க்கே அத்தகுதியால் பதிவு பெறும் உரிமை உண்டு. பின்வந்தோர்க்கு இந்திய பார் கவுன்சிலின் ஏற்பு இன்றியமையாதது. அதன் 2008ஆம் ஆண்டு விதிகள் கூறுவன யாவை? அயல்நாட்டுச் சட்டப் படிப்பு, பட்டம் பெற்றபின் பயில்வதாயின் மூன்றாண்டுக்கும், பன்னிரண்டாம் வகுப்பிற்குப்பின் நேரே பயில்வதாயின் ஐந்தாண்டுக்கும் குறைதல் கூடாது. பல்கலைக்கழகம் ஏற்புப் பெற்றதாதல் வேண்டும். கவுன்சில் நடத்தும் தேர்விலும் வெற்றி பெறல் வேண்டும்.

இங்கிலாந்தின் எல்.எல்.பி. பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பே. பள்ளியிலிருந்து நேரே சென்று அதனை முடித்தவர்க்கு ஈராண்டுக் குறை எஞ்சுகின்றது. இதனை அறியாது தோட்டத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பின்னர் வருந்த நேரும். ஆதலின், சேருமுன்னரே கவுன்சிலின் விதியைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். இங்கு ஒரு பட்டம் பெற்றுப் பின் செல்லலாம். அன்றிக் கோவை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்து, மேற்படிப்பிற்குக் கடல் கடக்கலாம். அயல்நாட்டிலேயே தொழில் புரியக் கருதுவோர்க்கு இத்தடை இல்லை. எனினும் அந்நாட்டு விதிகளை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1891இல் பாரிஸ்டரான காந்தியடிகள், இந்துச் சட்டத்தையும் இசுலாமியச் சட்டத்தையும் தாம் அங்கே கற்கவில்லை எனத் தம் வரலாற்றில் ஒளிவின்றி ஒப்புகிறார். மண்ணின் சட்டத்தை மண்ணிலேதான் பயில வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மொழிக்கும் இது பொருந்தும். நம் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகின்றது. வண்டிப்பாதை வழக்கோடு வரும் உழவர் கிரயப் பத்திரத்தையும் பட்டாவையும் நீட்டுவார், தமிழிலேயே முறையிடுவார். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், அமீனா, தாவா, வாய்தா, ஆஜர், ரத்து என அவர் நாவில் வழங்கும் சொற்களோ அரபு மொழியில் வேர்கொண்டு, பாரசீக, உருது வழியே தமிழில் கலந்தவை. இவற்றை அறியாத பட்டம், அவருடைய துயரைத் தீர்க்க உதவாது.

எனவே மாணவச் செல்வங்களே! செல்லுங்கள், கற்றுத் தேறுங்கள். புறப்படுமுன் திரும்பும் வழியை அறிந்து செல்லுங்கள். நீதி வேண்டி நிற்போரின் மொழியையும் மறவாது உடன் கொண்டு செல்லுங்கள்.