ஓடாத நாளும் ஓட்டப் பயிற்சியும்

ஓட்டப் பயிற்சியில் ஈடுபட்டார்க்கு நேரும் கவலைகளுள் தலையாயது, குறித்த நாளில் ஓடாது விட்டமை பற்றிய கவலையே எனலாம். மழை பெய்யும்; தேர்வு வரும்; காய்ச்சல் காணும். பயிற்சி அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடக்கும். அதனைக் கண்டு மனம் பொறாதார், மறுநாள் இருமடங்கு ஓடி அக்கடனைத் தீர்க்க முற்படுவர். அஃது உண்மையிற் கடன்தானோ என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுவது.

உடல் வலிமை பெறுவது ஓடும்பொழுது அன்று. ஓடி ஓய்ந்த பின்னரே. ஓடுங்கால் தசைநார்கள் நுண்ணிதாய்ச் சிதைவுறும். தசைகளிற் சேமித்து வைக்கப்பெற்ற கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் குறையும். நெடுந்தொலைவு ஓடியபின் அது மீண்டும் நிரம்புதற்கு, நன்கு உண்டாலும், ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். எலும்போ இன்னும் மெல்லச் செல்வது. அதிர்ச்சி தாங்கிய எலும்பு முதலிற் சிறிது கரைந்து, பின்னரே புதிதாய்க் கட்டப்பெறும். அவ்வேலை முற்றுப்பெறச் சில மாதங்கள் ஆகும். இடையே ஓயாது ஓடின், கணைக்கால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் காணுதலும் உண்டு. அது பொருந்தும்வரை ஆறு அல்லது எட்டு வாரம் ஓட்டத்தையே துறத்தல் வேண்டும். ஒரு நாளை மீட்கப் புகுந்து இரண்டு திங்களை இழத்தல் எத்துணைப் பேதைமை! வள்ளுவனார் அரசர்க்கென வகுத்த ‘வலியறிதல்’ ஓடுவார்க்கும் வேண்டும் போலும்.

அற்றேல், ஓடாதிருப்பின் பெற்ற வலிமை கரையாதோ எனின், கரையும். ஆயினும் நாம் அஞ்சுமளவு விரைந்தன்று. அமெரிக்க அறிஞர் காயில் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், பயிற்சியை அறவே நிறுத்தியோர்க்கு, உடல் கொள்ளத்தக்க உயிர்வளியின் உச்ச அளவு மூன்று வாரத்தில் நூற்றுக்கு 7 பங்கே குறைந்தது. மூன்று வாரத்திற்கே இவ்வளவெனின், ஒரு நாளுக்கு எவ்வளவு?

செக் நாட்டு வீரர் எமில் ஸாட்டொபெக் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. ஓயாத கடும்பயிற்சிக்கு அவரினும் பெயர் பெற்றார் அரியர். 1950ஆம் ஆண்டு பிரசெல்ஸ் நகரில் நிகழ்ந்த ஐரோப்பியப் போட்டிக்கு முன்னர், உண்ட உணவு நஞ்சாகி, மருத்துவமனைப் படுக்கையிற் கிடக்க நேர்ந்தது. போட்டியிலோ, 10,000 மீட்டரை 29 நிமிடம் 12 விநாடியில் ஓடி, இரண்டாமவராகிய பிரான்சு நாட்டு மிமூனை 69 விநாடி பின்தங்கச் செய்தார். 5,000 மீட்டரிலும் அவரே வென்றார். நோய் வெற்றி தந்தது என்று யாம் கூறவில்லை. பல்லாண்டு உழைப்பு முன்னமே உடலிற் சேர்ந்திருந்தது. சின்னாள் ஓய்வு அதனைக் கெடுத்திலது.

இவ்வாதம் சோம்பர்க்குத் துணையாகாதோ என வினவலாம். ஆகாமைக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. காலணி அணிந்து பத்து நிமிடம் மெல்ல ஓடுக. உடல் இளகின், தடுத்தது சோம்பலே. கால் பின்னும் கனத்தாலோ ஓரிடத்தே நோவு மிகுந்தாலோ திரும்பிவிடுக. காய்ச்சலுள்ளார்க்கு இச்சோதனையும் ஆகாது. காய்ச்சலோடு ஓடுதல் நெஞ்சத் தசைக்கே ஊறு செய்யக்கூடும்.

ஒரு நாள் தவறின், அட்டவணையின் அடுத்த நாளிலிருந்தே தொடங்குக. ஒரு வாரம் தவறின், முதற் சில நாள் தொலைவையும் விரைவையும் குறைத்துக்கொள்க. வாரத்தில் ஒரு கட்டத்தை அட்டவணை வரையும்போதே வெறுமையாய் விடுதல் இன்னும் நன்று. தேர்வு வாரமாயின், இரண்டு.